ஏழு மணி லேக்கும் ஒரு செகண்ட் ஹேண்ட் ரவுட்டரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை, பி.காம். ரவுட்டர் என்றால் ஹால் மூலையில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் டப்பா, நெட் வரவில்லை என்றால் ஆஃப் பண்ணி ஆன் பண்ண வேண்டும், என் ஞானம் அவ்வளவுதான். அந்த டப்பாவுக்குள் இருக்கும் மென்பொருளையே தூக்கிவிட்டு வேறொன்றைப் போடும் அளவுக்கு நான் போனதற்குக் காரணம் ஒரு ஆன்லைன் டியூஷன்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் நாலு பேருக்கு சாயங்காலத்தில் அக்கவுண்டன்சி சொல்லித் தருகிறேன். ஆறு மணிக்கு ஒரு பேட்ச், ஏழு மணிக்கு ஒரு பேட்ச். என் பஸ் பாஸ், செல் ரீசார்ஜ், பரீட்சைக் கட்டணம் எல்லாம் இதிலிருந்துதான். ஆறு மணி கிளாஸ் ஜம்மென்று போகும். ஏழு மணிக்கு ஆரம்பித்தால் போதும், "அக்கா, கட் ஆகுது", "அக்கா, நீங்க டெபிட்னு சொன்னீங்களா கிரெடிட்னு சொன்னீங்களா?" என்று ஆரம்பித்துவிடும். அக்கவுண்டன்சியில் இந்த ஒரு வார்த்தை விழுங்கப்பட்டால் மிச்சம் என்ன இருக்கிறது, சொல்லுங்கள். ஏழரைக்கு மேல் தானாகவே சரியாகிவிடும். அதற்குள் பாதி வகுப்பு முடிந்திருக்கும்.

குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் தம்பி. அம்மா அவனுக்குக் கேம் விளையாட அனுமதித்திருக்கும் நேரம் சரியாக ஏழு முதல் ஏழரை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஒருநாள் கோபத்தில், அவன் ஆட்டம் பாதியில் இருக்கும்போதே கேபிளைப் பிடுங்கிவிட்டேன். அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "எனக்கே லேக் ஆகுதுக்கா, நான் எப்படி காரணமாவேன்?" என்று அவன் கேட்டது அப்போது என் காதில் ஏறவில்லை.

அடுத்த முயற்சியாக, மாதம் 150 ரூபாய் கூடக் கொடுத்து 20 எம்பிபிஎஸ் திட்டத்தை 40 ஆக்கினோம் (டாக்டர் படிப்பு இல்லை, வேகத்தின் அளவு :-) ). ஒரு மாற்றமும் இல்லை. அந்த மாதக் கடைசியில் ஒரு மாணவியின் அம்மா ஃபோன் பண்ணி, "தப்பா நினைக்காதம்மா, குரலே சரியா கேக்கலைன்னு சொல்றா, அடுத்த மாசத்துலேர்ந்து நிறுத்திக்கிறோம்" என்றார். அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடியதில்தான் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற பெயர் கண்ணில் பட்டது.

அதன் கதை சுவாரஸ்யமானது. 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீல ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் இருப்பது லினக்ஸ் என்பதைச் சிலர் 2003-ல் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமம் ஜிபிஎல். அதை எடுத்து மாற்றி விற்பவர், வாங்குபவருக்கு மூல நிரலையும் தந்தாக வேண்டும். கேட்டார்கள், கடைசியில் நிறுவனம் நிரலை வெளியிட்டது. அந்த நிரலை அடித்தளமாக வைத்து 2004-ல் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. இன்றைக்கு எத்தனையோ கம்பெனிகளின் ரவுட்டர்களில் ஓடுகிறது. காசு கிடையாது.

எங்கள் வீட்டு ரவுட்டரின் உள் நினைவகம் வெறும் 4 எம்பி. இப்போதைய பதிப்புகள் அதில் அடங்காது. அதனால் ரிச்சி தெருவுக்குப் போய் 1,200 ரூபாய்க்கு ஒரு பழைய ரவுட்டரைப் பேரம் பேசி வாங்கி வந்தேன். ஒரே மாடல் பெயரில் பல பதிப்புகள் வரும், உள்ளே சில்லு வேறு வேறாக இருக்கும். கடைக்காரர் முறைக்க முறைக்க, டப்பாவைக் கவிழ்த்துப் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பதிப்பு எண்ணைப் பார்த்து, ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் வாங்கினேன்.

ஃபர்ம்வேர் ஏற்றுவது நான் பயந்த மாதிரி இல்லை. ரவுட்டரின் பழைய அமைப்புப் பக்கத்திலேயே 'அப்கிரேடு' என்ற இடத்தில் புதிய கோப்பைக் கொடுத்தால் போதும். கேபிளில் இணைத்துத்தான் செய்ய வேண்டும், நடுவில் கரண்ட் போகக் கூடாது. அந்த மூன்று நிமிடமும் நான் மின்வாரியத்தை நினைத்துச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தேன். விளக்குகள் அணைந்து, எரிந்து, மறுபடி அணைந்து... 1,200 ரூபாய் போச்சு என்று நினைத்த நேரத்தில் உயிர் வந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. பயந்துபோய்த் தேடினால், புதிதாக ஏற்றும்போது வைஃபை அணைந்துதான் இருக்குமாம், நாமே கடவுச்சொல் வைத்து இயக்க வேண்டுமாம்.

மறுநாள் ஏழு மணி. கிளாஸ் ஆரம்பித்தேன். "அக்கா, கட் ஆகுது."

எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தம்பி வாயைத் திறக்கவில்லை. அந்தச் சிரிப்பு போதும்.

நிற்க. இங்கேதான் நான் முதல் தடவையாக உருப்படியான காரியம் ஒன்று செய்தேன். ஊகிப்பதை விட்டுவிட்டு அளக்க ஆரம்பித்தேன். லேப்டாப்பைக் கேபிளில் செருகி (வைஃபையில் அளந்தால் வைஃபையின் குறையும் சேர்ந்து குழப்பும்), பிங் ஓடவிட்டு, லெட்ஜர் மாதிரி கோடு போட்டு எழுதினேன். சும்மா இருக்கும்போது 15 மில்லி செகண்டு. ஆறு மணி கிளாஸின்போது 18. ஏழு மணிக்கு 800. சில சமயம் அதற்கும் மேல். ஒருநாள் தம்பியிடம் கெஞ்சி அவனை விளையாட விடாமல் வைத்துப் பார்த்தேன். அப்போதும் 800. ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ் இல்லாத நாளில், அவனை மட்டும் விளையாடவிட்டுப் பார்த்தேன். 16!

புதிய ஃபர்ம்வேரில், எந்தக் கருவி எவ்வளவு அனுப்புகிறது என்று அந்தந்த நொடியே காட்டும் பக்கம் ஒன்று உண்டு. பழைய ரவுட்டரில் அப்படி எதையும் நான் பார்த்ததில்லை. திங்கள்கிழமை ஏழு மணிக்கு அதைத் திறந்து வைத்தேன். எங்கள் இணைப்பில் கீழே வர 40 எம்பிபிஎஸ், ஆனால் மேலே போக 5 மட்டும்தான் (திட்டத்தை உயர்த்தியும் இந்த 5 மாறவேயில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது). அந்த ஐந்தையும் ஒரே கருவி முழுசாக விழுங்கிக்கொண்டிருந்தது. ஐபி எண்ணைப் பார்த்தேன்.

என் லேப்டாப்.

ஆறு மணி வகுப்பை, வராத பிள்ளைகளுக்காக நான் ரெக்கார்டு பண்ணுவேன். ஏழு மணிக்கு ரெக்கார்டிங்கை நிறுத்தியதும் அது தானாகவே கிளவுடுக்கு ஏற ஆரம்பிக்கும். கோப்பு கிட்டத்தட்ட 1 ஜிபி. 5 எம்பிபிஎஸ்ஸில் அது ஏறி முடிக்க ஏறக்குறைய 27 நிமிடம். ஏழு முதல் ஏழரை! ஊரையெல்லாம் ஆடிட் பண்ணிவிட்டு என் சொந்த வவுச்சரைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

சரி, ஒரு ஃபைல் ஏறினால் மற்றதெல்லாம் ஏன் சாக வேண்டும்? மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கல்யாண லிஸ்ட்டோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு பையன் ஒரே ஒரு தீப்பெட்டிக்காக நிற்கிறான். கடையில் ஒரே வரிசை என்றால், கல்யாணச் சாமான் முழுக்கக் கட்டி முடியும்வரை தீப்பெட்டிக்காரன் நின்றே ஆக வேண்டும். என் குரலும் தம்பியின் ஆட்டமும் தீப்பெட்டி. ரெக்கார்டிங்தான் கல்யாண லிஸ்ட்.

அந்த வரிசை நிற்கும் இடத்துக்குப் பெயர் பஃபர். எங்கள் வீட்டில் அது மோடத்துக்குள் இருக்கிறது. கோப்பு அனுப்பும் டிசிபி, பாக்கெட் தொலையும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும். தொலைந்தால்தான் 'ஓ, நெரிசல்' என்று புரிந்துகொண்டு குறைக்கும். பஃபர் பெரிதாக இருந்தால் எதுவும் தொலையாது, வரிசை மட்டும் நீண்டுகொண்டே போகும். எங்கள் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பரில் லிட்டில் விதி என்று ஒன்று வரும், ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்தது. காத்திருக்கும் நேரம் என்பது வரிசையின் நீளத்தை வேகத்தால் வகுத்தால் வருவது. 5 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 625 கேபி. வரிசையில் 500 கேபி நின்றால் 0.8 நொடி. அதாவது 800 மில்லி செகண்டு! பரீட்சைக்காக நெட்டுருப் போட்ட சூத்திரம் ஹால் மூலையில் உட்கார்ந்திருந்தது.

இந்த வியாதிக்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்பவர் 2010-ல் தன் வீட்டு இணைப்பில் இதைக் கண்டு பெயரும் வைத்தார். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். வரிசையின் நீளத்தை அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. 100 மில்லி செகண்டு முழுக்க எந்தப் பாக்கெட்டும் 5 மில்லி செகண்டுக்குக் குறைவாகக் காத்திருக்கவில்லை என்றால் ஒன்றிரண்டைத் தூக்கிப் போட்டு, அனுப்புபவருக்கு உறைக்க வைக்கும். அதோடு, ஒவ்வொரு இணைப்புக்கும் தனி வரிசை போட்டுத் தீப்பெட்டிக்காரனை முன்னால் விடுவது இன்னொரு உத்தி. இரண்டும் சேர்ந்த கேக் என்ற நிரல் 2018-ல் லினக்ஸின் 4.19 பதிப்பில் சேர்ந்தது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் எஸ்க்யூஎம் என்பதை நிறுவினால் அது கிடைக்கும்.

அப்படியானால் முதல் நாள் ஏன் வேலை செய்யவில்லை? ரவுட்டருக்கும் மோடத்துக்கும் நடுவில் உள்ள கேபிள் படுவேகமானது. அதனால் ரவுட்டரில் வரிசையே சேரவில்லை, மோடத்தில்தான் சேர்ந்தது. எவ்வளவு கெட்டிக்கார நிரலாக இருந்தாலும் தன் முன்னால் இல்லாத வரிசையை ஒழுங்கு பண்ண முடியாது. அதற்கு வழி, ரவுட்டரை வேண்டுமென்றே மோடத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக்குவது. 40-க்குப் பதில் 36 என்றும், 5-க்குப் பதில் 4.5 என்றும் எழுதினேன். வரிசை ரவுட்டருக்கு நகர்ந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் பத்து சதவீதத்தை நானே விட்டுக்கொடுப்பதா என்று என் காமர்ஸ் மனசு ஒரு நிமிடம் அழுதது.

அன்று ஏழு மணி. ரெக்கார்டிங் ஏறுகிறது, தம்பி விளையாடுகிறான், நான் தேய்மானம் நடத்துகிறேன். பிங் 22. ஒரு பிள்ளைகூட 'கட் ஆகுது' என்று சொல்லவில்லை. ரெக்கார்டிங் ஏறி முடிய மூன்று நிமிடம் கூட ஆயிற்று. அவ்வளவுதான் விலை.

இது எல்லா லேக்கையும் தீர்க்காது. தம்பி சிங்கப்பூர் சர்வரில் ஆடினால், சென்னையிலிருந்து சுமார் 2,900 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய் வர 29 மில்லி செகண்டு ஆகியே தீரும். எந்த ஃபர்ம்வேரும் கடலைச் சுருக்காது.

கிளாஸ் முடிந்ததும் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, "நீ அப்லோடை ராத்திரி வெச்சிருந்தாலே போதுமேக்கா?" என்றான். உண்மைதான். ஆனால் நாளைக்கு அம்மா ஃபோனிலிருந்து கல்யாண ஃபோட்டோ எல்லாம் ஏறும், அப்புறம் வேறு ஏதாவது வரும். ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் கேபிளை இன்னொருத்தர் பிடுங்கிக்கொண்டிருக்க முடியாது இல்லையா.

"அப்போ அன்னைக்கு என் கேபிளைப் பிடுங்கினியே, அது?"

"தப்புதான்டா. சாரி."

அரை மணி நேரத்தை முக்கால் மணி ஆக்க அம்மாவிடம் நான் சிபாரிசு செய்ய வேண்டும் என்று பேசி முடித்தோம். செய்துவிட்டேன். நின்றுபோன மாணவி திரும்பி வரவில்லை. அவளுடைய அம்மாவுக்கு ஃபோன் பண்ணி, குறை என் பக்கம்தான் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன்.

ஜிம் கெட்டிஸோடு சேர்ந்து இந்த வியாதிக்கு எதிராகப் பல வருஷம் உழைத்த டேவ் டாட் 2025 ஏப்ரலில் இறந்துபோனார். அவரைப் போன்றவர்கள் இலவசமாகக் கொடுத்த நிரலால்தான் இந்த வீட்டில் ஏழு மணிக்குச் சண்டை நின்றது. எங்கேயாவது நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

பி.கு.: ரவுட்டரில் கை வைக்கும் முன் இரண்டு நாள் பிங் ஓடவிட்டு எழுதிப் பாருங்கள். பெரிய கோப்பு ஏறும்போது மட்டும் எண் எகிறினால், இந்த வைத்தியம் உங்களுக்குத்தான். சும்மா இருக்கும்போதே எகிறினால் வியாதி வேறு. தம்பி தங்கையின் கேபிளை மட்டும் பிடுங்காதீர்கள் :-)