லிபரேட்டருக்கு லைக்ரா நூல்

நாலு மாச ராத்திரிகள். பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானத்தோட மாடல் இன்னைக்குத்தான் மேசை மேல மூணு சக்கரத்துல நிக்குது. 72-ல் ஒரு பங்கு அளவு. அப்பவும் இறக்கை 46 சென்டிமீட்டருக்கு மேல.

மூக்குல எடை வைக்கலைன்னா வால் குத்தி உட்கார்ந்திடும். நிட்டிங் மெஷின்ல ஒடிஞ்ச ஊசிகளைப் பசை போட்டு உள்ளே அடைச்சேன். ஆன்டெனா கம்பிக்கு லைக்ரா நூல். விரல் பட்டா வளையும், விட்டா பழையபடி விறைச்சுக்கும். பெயிண்ட் துடைக்க பனியன் வேஸ்ட்.

இரண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் இந்த ரக விமானங்களைத் திரும்பப் பறக்கக் கூடாதுன்னே சேதப்படுத்தி கான்பூர்ல விட்டுட்டாங்க பிரிட்டிஷார். இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் (எச்.ஏ.எல்.) தொழிலாளர்கள் அந்தக் குவியல்ல இருந்து பாகம் பாகமா எடுத்து உயிர் கொடுத்தாங்க. 1948-ல் நம்ம விமானப்படைக்கு வந்தது, 1968 வரை பறந்துச்சு. அதுல ஒண்ணை, எச்.இ.807-ஐ, பிரிட்டன் ராயல் ஏர்ஃபோர்ஸ் அருங்காட்சியகத்துக்கே 1974-ல் அன்பளிப்பாக் கொடுத்தோம்.

குண்டு சுமந்த விமானம்ங்கிறது மனசை உறுத்தத்தான் செய்யுது. ஆனா நம்ம விமானப்படையோட மூவர்ண வட்ட ஸ்டிக்கரைத் தண்ணியில ஊறவெச்சு, இறக்கை மேல நகர்த்தி வெச்சப்போ, பேர் தெரியாத அந்த ஃபிட்டர்கள் கைதான் ஞாபகம் வந்துச்சு. இடது பக்க வட்டம் நாளைக்கு ஒட்டணும்.