கிதாரின் தலையெழுத்து

துணி வாங்கினால் மில்லின் பெயரைக் கேட்கிறோம். கடிகாரம் வாங்கினால் எந்த நாட்டுச் சரக்கு என்று கேட்கிறோம். கேட்பதில் தவறொன்றும் இல்லை. நல்ல பெயர் என்பது நெடுங்காலம் நல்ல வேலை செய்தவர்கள் ஈட்டிய சொத்து. ஆயினும், பெயரைக் கொண்டே பொருளை மதிப்பதும், பொருளைக் கொண்டே அதை வைத்திருப்பவனை மதிப்பதும் நம் குடும்பங்களில் மெல்ல நுழைந்துவிட்ட நோய்கள். இசைக்கருவிகளையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை என்பதை ஜவ்வாது மலையில் நேரில் கண்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய வாரத்தில், ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூர் ஆலயத்திற்குச் சென்றிருந்தோம். சாமை அறுவடை முடிந்திருந்த நேரம். பாடல் ஒத்திகைக்கு உதவ, சமவெளியிலிருந்து ஒரு பாடகர் குழுவும் வந்திருந்தது. சாமை விற்ற பணத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய கிதாருடன் அவ்வூர் இளைஞன் ஒருவன் முன்வரிசையில் அமர்ந்திருந்தான். வந்தவர்களில் ஒருவர் அக்கருவியின் தலைப்பக்கத்தை உற்றுப் பார்த்தார்.

“எந்தக் கம்பெனி, தம்பி?”

“தெரியலீங்கண்ணா. மூவாயிரம் ரூபாய் ஆச்சுங்க.”

“மூவாயிரமா? அப்படியானால் அது விளையாட்டுச் சாமான்தான்!”

அவர் வேடிக்கையாகச் சொன்னாரேயன்றிக் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. ஆனால், இளைஞன் கிதாரை உறைக்குள் இட்டுச் சுவரோரம் சாய்த்துவிட்டான். அன்றைய ஒத்திகை முழுவதும் கைகளைக் கட்டிக்கொண்டே நின்றான். ஒரு பெயர் ஒரு பிள்ளையின் கைகளைக் கட்டிவிடுமானால், அப்பெயரின் உண்மையான மதிப்பு என்ன என்று ஆராய்வது பெரியவர்களாகிய நம் கடமையல்லவா?

பெயர் மோகம் நமக்குப் புதிதன்று. கல்கத்தாவில் செய்யப்பட்ட கிதார்களே நெடுங்காலம் நம் இளைஞர்கள் பலருக்கு முதற்கருவியாய் இருந்தன. அவற்றுள் கிவ்சன், ஹாப்னர் என்னும் பெயர்களைக் கேட்டவுடன், அமெரிக்காவின் கிப்சனும் செருமனியின் ஹாஃப்னரும் நினைவுக்கு வரும். அயல்நாட்டுப் பெயரின் சாயலுக்குக்கூட நம் சந்தையில் மதிப்பு இருந்திருக்கிறது!

இனி, அயல்நாட்டார் மதிப்பது எதை என்று பார்ப்போம். 1833-இல் தொடங்கிய அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம், பிரேசில் நாட்டு ஈட்டி மரம் கிடைப்பது அரிதானதால், 1969 முதல் தன் புகழ்பெற்ற கிதார்களுக்கு இந்திய ஈட்டி மரத்தைப் பயன்படுத்தலாயிற்று. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம் அது. யாருடைய பெயருக்காக நாம் ஏங்குகிறோமோ, அவர்கள் நம் காட்டு மரத்தைத் தேடி வந்தார்கள்!

விலையுயர்ந்த மரம்தான் இனிய நாதம் தரும் என்பார் உண்டு. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்து, 2018-இல் முடிவை வெளியிட்டனர். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வெவ்வேறு மரங்களால் ஆன ஆறு கிதார்களைச் செய்வித்து, கருவியைக் கண்ணால் காண இயலாதபடி 52 கிதார் கலைஞர்களை வாசிக்கச் செய்தனர். அரிய பிரேசில் ஈட்டிக்கும் மலிவான மரங்களுக்கும் அவர்கள் ஏறத்தாழ ஒரே மதிப்பைத்தான் அளித்தனர். கண்ணை மறைத்ததும் விலையும் மறைந்துவிட்டது.

தலையில் எழுதிய பெயரும் அப்படியே. கொரிய நாட்டு நிறுவனம் ஒன்று, இந்தோனேசியாவிலுள்ள தன் ஆலையில் பல பெரிய பெயர்களுக்குக் கிதார் செய்து கொடுக்கிறது. சப்பானின் யமஹா நிறுவனமோ 2019 முதல் நம் சென்னைக்கு அருகிலேயே ஆலை நடத்துகிறது. இந்நிலையில் “வெளிநாட்டுச் சரக்கு” என்று பெருமை கொள்வதில் பொருள் என்ன?

அப்படியானால் மலிவானதே போதும் என்று முடிவு கட்டலாமா? கூடாது. மிக மலிவான கருவியில் கம்பிகள் கழுத்துப் பலகையை விட்டு மிக உயரத்தில் நிற்பதுண்டு. பிஞ்சு விரல் அவற்றை அழுத்தினால் வலிக்கும். பிள்ளை ஒரே மாதத்தில் கருவியை மூலையில் போட்டுவிடுவான். முறுக்காணி நழுவினால் சுருதி நிற்காது. ஓரளவு வரை, கூடுதல் விலை இக்குறைகளை நீக்குகிறது. அது வீண் செலவன்று. அந்த எல்லையைத் தாண்டியபின், பெரும்பாலும் அலங்காரத்திற்கும் பெயருக்குமே பணம் கொடுக்கிறோம்.

மலையில் கண்ட அந்தக் கிதாரின் குறையும் இத்தகையதே. ஒத்திகை முடிந்தபின், இசையறிந்த உபதேசியார் ஒருவர் அதை எடுத்துப் பார்த்தார். கம்பிகளைத் தாங்கும் வெண்ணிறப் பட்டையைக் கழற்றி, அடிப்பக்கத்தை உப்புத்தாளில் சிறிது தேய்த்துப் பொருத்தினார். புதுக் கம்பிகள் பூட்டினார். ஒரு மணி நேர வேலை. மறுநாள் திருப்பலியில் அவ்விளைஞன் வாசித்தான். முந்தைய நாள் கேலி செய்தவரே அவனுக்கு அருகில் நின்று பாடினார்.

அதே மலை மற்றொரு பாடமும் சொல்கிறது. காவலூர் வானாய்வு நிலையத்தில் 1968-இல் பணி தொடங்கிய முதல் தொலைநோக்கி, 38 சென்டிமீட்டர் ஆடி கொண்டது. நம்மவர் பட்டறையிலேயே செய்யப்பட்டது. 1972-இல் செருமனியின் புகழ்பெற்ற சைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டது. 1977 மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் கோளின் வளையங்கள் வெளிப்பட்ட நிகழ்வைப் பதிவு செய்த கருவிகளுள் அதுவும் ஒன்று. பின்னர் 1986-இல், நம் நாட்டிலேயே வடிவமைத்து உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி திறந்துவைக்கப்பட்டு, அறிஞர் வைணு பாப்புவின் பெயரைப் பெற்றது. அயலாருடையது என்று சைஸ் கருவியை அவர்கள் ஒதுக்கவில்லை. பெயரில்லாதது என்று தம் கருவியையும் இகழவில்லை. விண்மீன் தெளிவாகத் தெரிகிறதா என்பதே அவர்களுடைய கேள்வி.

திருச்சபையின் கேள்வியும் இதைப் போன்றதே. 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, குழல் ஆர்கனைப் போற்றியதோடு, பிற கருவிகளுக்கும் இடமளித்தது. வழிபாட்டிற்கு ஏற்றதா, ஆலயத்தின் மாண்புக்குத் தகுந்ததா, மக்களின் பக்தியை வளர்க்குமா என்பனவே அது விதித்த நிபந்தனைகள். விலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

எனவே, பிள்ளைக்குக் கிதார் வாங்கச் செல்லும் பெற்றோர் வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லட்டும். கழுத்து நேராக உள்ளதா, மெட்டுகளின் ஓரம் விரலைக் கீறாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கட்டும். கம்பியை அழுத்தாமல் மீட்டிய சுரமும், 12-ஆம் மெட்டில் அழுத்தி மீட்டிய மேற்சுரமும் இணைகின்றனவா என்று கேட்கட்டும். மலைப் பனியிலும் ஈரத்திலும் முழுப்பலகைக் கருவியைவிட, ஒட்டுப்பலகைக் கருவியே எளிதில் வெடிக்காமல் தாங்கும் என்பதையும் நினைவிற் கொள்ளட்டும். உறைக்கும் மாற்றுக் கம்பிகளுக்கும் சிறிது பணத்தை ஒதுக்கட்டும்.

வாசகர்களுக்கு மற்றொரு வேண்டுகோளும் உண்டு. கருவியோடு வரும் பிள்ளையிடம் கம்பெனியைக் கேளாதீர்கள். “ஒரு பாட்டு வாசி, தம்பி” என்று கேளுங்கள்.