நிரலுக்குள் நுழையும் தமிழெழுத்து

தமிழ்த்துறைக்காரனுக்கு ஜாவாஸ்கிரிப்டில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வேலை இருக்கிறது. எங்கள் மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று திரட்டிய வட்டார வழக்குச் சொற்களை வலைத்தளமாக்க வேண்டியிருந்தது. கணினித்துறை மாணவர்கள் சிலர் ரியாக்ட் கொண்டு அதைக் கட்டித் தந்தார்கள். (ரியாக்டை உருவாக்கியவர்கள் அதை நூலகம் என்றே அழைக்கிறார்கள்; புழக்கத்தில் சட்டகம் ஆகிவிட்டது.) நான் நிரல் எழுதுபவன் அல்லன். எழுதுபவர்களின் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்து, இது ஏன் இப்படி வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தவன். அவ்வாறு கேட்டுக் கற்றவற்றுள் சில, தமிழோடு புழங்கும் இளம் நிரலர்களுக்கு உதவக்கூடும்.

முதலில், எனக்குத் தூக்கம் கெடுத்த ஒன்று. ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஒரு குறிப்புப் பெட்டி இருந்தது. ‘வாமடை’ என்ற சொல்லுக்கு, வயலுக்கு நீர் பாயும் வாய் என்று ஒரு மாணவி குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். அதற்குள் ‘வடம்’ என்ற புதுச்சொல் பட்டியலில் சேர்ந்து வரிசை மாறியது. வாமடையின் குறிப்பு வடத்தின் கீழே போய் நின்றது. சேமிக்கும் பொத்தானை அழுத்தியவுடன் அப்படியே பதிவாகியும் விட்டது. காரணம் மிகச் சிறியது. பட்டியலின் ஒவ்வொரு உறுப்புக்கும் ரியாக்ட் ‘கீ’ என்ற அடையாளம் கேட்கிறது. மாணவர்கள் அங்கே வரிசை எண்ணைக் கொடுத்திருந்தார்கள். வரிசை எண் என்பது இருக்கையின் எண், அமர்ந்திருப்பவரின் பெயரன்று. ஆள் மாறினாலும் ரியாக்ட் இருக்கையைத்தான் பார்க்கும். பெட்டியின் உள்நிலையை அங்கேயே விட்டுவைக்கும். தரவுத்தளம் அந்தச் சொல்லுக்குக் கொடுத்த நிலையான எண்ணையே கீயாகத் தரவேண்டும். சிலர் இதற்குப் பயந்து ஒவ்வொரு முறையும் தற்போக்கு எண் ஒன்றை உண்டாக்கித் தருகிறார்கள். அது வேறு வகைத் தொல்லை: திரை புதுப்பிக்கப்படும்போதெல்லாம் பெட்டி புதிதாகப் பிறக்கும், ஓர் எழுத்து அடித்தவுடன் சுட்டி வெளியே போய்விடும். வாமடைக்குப் பொருள் சொன்ன மூதாட்டி இன்று இல்லை. கையெழுத்துக் குறிப்பேட்டை நாங்கள் எறிந்துவிடாததால் பிழைத்தோம்.

அடுத்தது எழுத்தெண்ணிக்கை. ‘தமிழ்’ என்பதில் எத்தனை எழுத்து என்று ஜாவாஸ்கிரிப்டின் ‘லெங்த்’திடம் கேட்டால் ஐந்து என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஒருங்குறியில் அவை ஐந்து குறியீடுகள். நமக்கோ மூன்றெழுத்து. உள்ளீட்டுப் பெட்டியின் ‘மேக்ஸ் லெங்த்’ வரம்பும் இந்தக் கணக்கையே பின்பற்றுகிறது. ஆங்கிலத்துக்கு ஐம்பது போதும் என்று வைத்தால் தமிழ் பாதியில் நின்றுவிடும். அகராதிப் பக்கத்தின் தலைப்பெழுத்துக்காக ‘கோடாங்கி’யின் முதல் உறுப்பை எடுத்தால் ‘க’ மட்டுமே வரும். ‘அர்ரே ஃப்ரம்’ கொண்டு உடைத்தாலும் இதே கதைதான். இதற்கு முறையான வழி ‘இன்டெல் செக்மென்ட்டர்’. அது த, மி, ழ் என்று நாம் பிரிப்பதுபோலவே பிரிக்கும். 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸும் இதை ஏற்றுக்கொண்டபின் முதன்மை உலாவிகள் அனைத்திலும் கிடைக்கிறது. யாப்பில் ஈடுபாடுள்ளவர்கள் மகிழலாம்: கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி, நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறும் நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழும் வரவேண்டும் அல்லவா? பிரித்துக் கிடைத்தவற்றுள் புள்ளியில் முடிவனவற்றையும் ஆய்தத்தையும் தள்ளி எண்ணினால் அந்தக் கணக்கு வந்துவிடும்.

தேடலில் வரும் சிக்கல் இன்னும் நுட்பமானது. ‘கொ’ என்பதை ஒருங்குறியில் ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம். கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் ‘நார்மலைஸ்’ செய்து என்.எஃப்.சி. வடிவுக்குக் கொண்டுவந்தால் இது தீரும். ஆனால் ‘கௌதாரி’யை ளகரம் போட்டு ‘கெளதாரி’ என்று தட்டச்சு செய்பவர்கள் ஏராளம். நார்மலைஸ் அதைத் தொடாது. கொம்பையும் ளகரத்தையும் கண்ட இடமெல்லாம் ஔகாரமாக்கிவிடலாம் என்று ஒரு மாணவர் துணிந்தார். வட்டார வழக்கில் விளக்குமாறு ‘வெளக்குமாறு’ ஆயிற்றே, அது ‘வௌக்குமாறு’ ஆனால் யாருக்குப் பொருள் விளங்கும்? ஐயமுள்ள சொற்களைப் பட்டியலிட்டுக் காட்டுவதோடு நிரல் நின்றுகொள்ளட்டும், திருத்துவது ஆளின் வேலை என்று சொல்லிவிட்டேன்.

அகரவரிசைக்கு வெறும் ‘சார்ட்’ போதாது. அது குறியீட்டு எண்ணின்படி அடுக்குவதால் ‘கன்று’ முதலிலும் ‘கம்பு’ பின்னரும் வரும், ‘கழனி’ ‘கவல’னை முந்தும், ‘ஜல்லி’ தகரச் சொற்களுக்கு முன்னால் புகுந்துவிடும். தமிழுக்கான ‘இன்டெல் கொலேட்டர்’ ஒன்றை உறுப்புக்கு வெளியே ஒருமுறை உருவாக்கி அதைக்கொண்டு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் புதிதாக ஒன்றை உருவாக்கினால் சில ஆயிரம் சொற்களிலேயே பக்கம் திணறும்.

ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்பவர்களையும் நினைவில் கொள்ளவேண்டும். பரிந்துரைச் சொல்லைத் தேர்ந்தெடுக்க அவர்கள் அழுத்தும் என்டர் விசையைத் தேடல் கட்டளையாக எடுத்துக்கொண்டால் அரைச்சொல்லுக்கு விடை தேடப்படும். விசை நிகழ்வில் ‘ஈஸ் கம்போசிங்’ உண்மையாக இருந்தால் பேசாமல் இருந்துவிடுங்கள்.

ரியாக்டில் எனக்குப் பிடித்த பெயர் ‘டேஞ்சரஸ்லி செட் இன்னர் ஹெச்.டி.எம்.எல்.’ ஆபத்து என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். வெளியார் எழுதியனுப்பும் குறிப்பில் தடித்த எழுத்து வேண்டுமே என்று அதைக் கையாண்டால், அவர் ஒளித்துவைக்கும் நிரலும் வாசகரின் உலாவியில் ஓடக்கூடும். எங்கள் தளத்தில் குறிப்புகள் வெறும் உரையாகவே காட்டப்படுகின்றன. அழகு சற்றுக் குறைவுதான்.

கற்கத் தொடங்குபவர்கள் பாடத்தின் ஆண்டைப் பார்த்துக்கொள்வது நலம். ஹூக்குகள் 2019இல் வந்தன. அதற்கு முந்தைய பாடங்கள் பெரும்பாலும் கிளாஸ் முறையில் இருக்கும். பலரும் இன்னும் பரிந்துரைக்கும் ‘கிரியேட் ரியாக்ட் ஆப்’ 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. சிறிய தளத்துக்கு ‘வைட்’ போதும்; எங்கள் மாணவர்களும் அதற்கே மாறிக்கொண்டார்கள்.