பாடாதவருக்குப் பதினொரு பாட்டு

ஒரு பாடகருக்கு மரியாதை செய்யும் ஆல்பம் என்றால் விஷயம் எளிது. பழைய குரல் ஒன்று இருக்கும். புதிய குரல்கள் அதோடு மல்லுக்கு நிற்கும். நாம் சாய்ந்து உட்கார்ந்து தீர்ப்பு சொல்லலாம். பாடலாசிரியருக்கு ஆல்பம் போடும்போதுதான் சிக்கல். குரலும் அவருடையதில்லை, மெட்டும் அவருடையதில்லை. இரண்டையும் கழற்றிவிட்டு வேறு மாட்டினாலும் எது மிஞ்சுகிறதோ அதற்குத்தான் மாலை போட வேண்டும்.

2021 ஜூலையில் ஜப்பானில் வந்த 'டேக் மீ டு கஸேமாச்சி' அப்படி ஒரு ஆல்பம். பாட்டுலகில் ஐம்பது ஆண்டைத் தொட்ட தகாஷி மட்சுமோட்டோவுக்காகச் செய்தது. 2,100 பாட்டுக்கு மேல் எழுதியவர். அதில் பதினொன்றைப் பொறுக்கி இன்றைய பாடகர்களிடம் கொடுத்தார் தயாரிப்பாளர் செய்ஜி கமேடா. எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. பொருளைத் தேடிப் படித்துவிட்டு அப்புறம் பாட்டைக் கேட்கிற ரகம். பாடலாசிரியரின் ஆல்பத்தை இப்படிக் கேட்பது கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் பார்ப்பது மாதிரிதான். இருந்தும் விட மனசில்லை.

கஸேமாச்சி, அதாவது காற்று நகரம், எந்த வரைபடத்திலும் கிடையாது. மட்சுமோட்டோ 1949-ல் டோக்கியோவின் அவோயாமாவில் பிறந்தவர். 1964 ஒலிம்பிக்ஸுக்காகச் சாலைகளை அகலப்படுத்தியபோது அவர் வளர்ந்த வீடும் போய்விட்டது. அவோயாமா, அஸாபு, ஷிபுயா மூன்றுக்கும் நடுவே காணாமல்போன அந்தப் பழைய தெருக்களுக்கு அவர் வைத்த பெயர் அது. அப்போது அவர் 'ஹேப்பி எண்ட்' என்ற ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டு பாட்டும் எழுதிக்கொண்டிருந்தார். ராக் என்றால் ஆங்கிலத்தில்தான் பாட முடியும், ஜப்பானிய மொழி தாளத்தில் உட்காராது என்று பெரிய சண்டையே நடந்துகொண்டிருந்த காலம். இவர்கள் வாதாடியதைவிட 1971-ல் 'கஸேமாச்சி ரோமன்' ஆல்பத்தைப் போட்டுக் காட்டியது உருப்படியான பதில். அதில் உள்ள 'கஸே ஒ அட்சுமேத்தே'வைப் பலரும் 2003-ல் வந்த 'லாஸ்ட் இன் டிரான்ஸ்லேஷன்' படத்தில் கேட்டிருப்பார்கள். நாலு பேர் குழுவில் அந்தப் பாட்டைப் பதிவுசெய்தது இரண்டே பேர். ஹருவோமி ஹொசோனோ பாடி, கிட்டார் உள்பட மற்ற வாத்தியங்களையும் பார்த்துக்கொண்டார். டிரம்ஸ் மட்டும் மட்சுமோட்டோ.

குழு கலைந்ததும் வெகுஜனப் பாட்டுக்குப் போனார். ராக் நண்பர்கள் முகம் சுளித்தார்கள். சுளித்தவர்களின் வீட்டு ரேடியோவிலும் பத்து வருஷத்தில் செய்கோ மட்சுடா குரலில் இவர் வரிகள்தான் ஓடியிருக்கும்.

பதினொன்றில் நான் திரும்பத் திரும்பப் போடுவது 'கிமி வா டென்னென்ஷோகு'. ஹேப்பி எண்டில் கூட இருந்த எயீச்சி ஓட்டாக்கி தன் தனி ஆல்பத்துக்கு எழுதித் தரச் சொல்லியிருந்தார். 1980-ல், அந்த வேலை நடக்கும்போதே, சின்ன வயதிலிருந்து இதயக் கோளாறோடு இருந்த மட்சுமோட்டோவின் தங்கை இறந்துபோனாள். ஷிபுயாவில் நடக்கும்போது ஊரே கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தது என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். எழுத வரவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்றார். ஓட்டாக்கி பார்க்கவில்லை. எவ்வளவு நாள் ஆனாலும் காத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஜூலையில் வரவேண்டிய ஆல்பத்தை அடுத்த மார்ச்சுக்குத் தள்ளிப்போட்டார். 1981 மார்ச் 21-ல் வந்த அந்த 'எ லாங் வெகேஷன்' ஜப்பானில் இன்றும் விற்கிறது.

இதெல்லாம் தெரியாமல் கேட்டால் கடற்கரைக்குக் கிளம்பும் பாட்டு என்றே தோன்றும். வாத்தியங்கள் சுருதி சேர்க்கும் சத்தம், குச்சியால் தாளம் எண்ணும் சத்தம், உடனே பல கிட்டார்களும் பல பியானோக்களும் ஒன்றாக இரைந்துகொண்டு புறப்படும். நிறம் வெளிறிய நினைவும், அதற்கு நிறம் கேட்கும் ஏக்கமும் அந்த இரைச்சலுக்குள் பதுங்கியிருக்கின்றன. புதிய ஆல்பத்தில் டகாயா கவாசாகி பாடுகிறார், கொஞ்சம் கரகரத்த குரல். ஓட்டாக்கி அலட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு போன இடத்தில் இவர் குரலைத் தடுக்கவிடுகிறார். அந்தத் தடுக்கலில் தங்கை தெரிகிறாள். இதைச் சொன்னால் ஓட்டாக்கி ரசிகர்கள் அடிக்க வருவார்கள்.

'செப்டெம்பர்' இன்னொரு ஆச்சரியம். 1979-ல் மரியா டாகேஉச்சி பாடியது. காதலன் தன்னைவிட மூத்த ஒருத்தியைப் பார்க்கப் போகிறான் என்பதைக் கண்டுபிடித்துவிடும் இளம்பெண்ணின் பாட்டு. இரவல் வாங்கிய அகராதியில் காதலுக்கான சொல்லை மட்டும் வெட்டியெடுத்துக்கொண்டு திருப்பித் தரப்போகிறாள் அவள். அவ்வளவு பெரிய சோகத்துக்கு அவ்வளவு சின்ன பழிவாங்கல். இதை இப்போது ஐம்பதைத் தாண்டிய ஹிரோஜி மியாமோட்டோ அடித்தொண்டையிலிருந்து பாடுகிறார். அபத்தமாக இருக்க வேண்டும்; இல்லை. அகராதியும் கத்தரிக்கோலும் யார் கையிலும் பொருந்துகின்றன.

பயபக்தியோடு பாடியவர்கள் எனக்கு ஒட்டவில்லை. லிலாஸ் இகுட்டாவின் 'ஸ்வீட் மெமரீஸ்' அழகுதான், ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த அழகு. 'ரூபி நோ யுபிவா' வேறு மாதிரி தப்பித்தது. 1981-ல் அதைப் பாடியவர் அகிரா டெராவோ. குரோசவாவின் 'ரான்' படத்தில் மூத்த மகனாக வருவாரே, அவரேதான். தொடர்ந்து பத்து வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு. டெராவோ முகத்தில் ஒன்றும் காட்டாதவர்போல முணுமுணுத்ததை கென் யோகோயாமா மீசை முறுக்கிக்கொண்டு பாடுகிறார். மரியாதை கொஞ்சம் குறைவுதான். அதனாலேயே பிடிக்கிறது.

எனக்கு ஒரு மனக்குறை. 1975-ல் ஹிரோமி ஓட்டா பாடிய 'மோமென் நோ ஹங்காச்சீஃபு' இதில் இல்லை. பட்டணத்துக்குப் போன காதலனும் ஊரிலேயே இருந்துவிட்ட காதலியும் மாறிமாறிப் பேசிக்கொள்ளும் நீண்ட பாட்டு. அவன் பரிசு அனுப்புகிறேன் என்கிறான், அவள் வேண்டாம் என்கிறாள். கடைசியில் அவள் கேட்கும் ஒரே பொருள், கண்ணைத் துடைக்க ஒரு பருத்திக் கைக்குட்டை. மெட்டமைத்த கியோஹெய் ட்சுட்சுமி, இவ்வளவு நீளத்துக்கு மெட்டுப் போட முடியாது, குறைக்கச் சொல்லுங்கள் என்று கோபப்பட்டாராம். சொல்ல வேண்டிய ஆட்களைப் பிடிக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் உட்கார்ந்து முடித்துவிட்டு, அருமையான பாட்டு கிடைத்துவிட்டது என்று அவரே குதித்ததாகச் சொல்வார்கள். ட்சுட்சுமி 2020 அக்டோபரில் மறைந்தார். அடுத்த மார்ச்சில் அவருக்கும் ஓர் ஆல்பம் வந்தது. கைக்குட்டை அந்தப் பக்கம் போய்விட்டது.