முதலில் சம்பளத்தைச் சொல்லுங்கள்

ஒப்பந்த வேலைக்கு ஏஜென்ட் அழைத்தாலே முதல் கேள்வி: "கடைசியா எவ்வளவு வாங்கினீங்க? பே ஸ்லிப் அனுப்புங்க." கம்பெனி எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்று கேட்டால் வாய் திறப்பதில்லை.

குறுகிய கால ஒப்பந்தமானாலும், மலேசிய ஊழியர் என்றால் 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்கு முதலாளி 13 விழுக்காடு இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கட்டியாக வேண்டும். 'ஃப்ரீலான்ஸ்' என்று எழுதி அதைத் தட்டிக்கழித்துவிடுகிறார்கள். சொக்சோ காப்புறுதியும் போச்சு, சம்பளத்தோடு விடுப்பும் போச்சு.

ஜொகூர் பாருவிலிருந்து போய்வரும் சிங்கப்பூர் வேலையென்றால் இன்னொரு வெட்டு. "ஜேபியிலதானே இருக்கீங்க, செலவு கம்மிதானே?" விடியுமுன் எழுந்து, எல்லைப் பாலத்து நெரிசலில் மோட்டார் சைக்கிளில் நிற்பவரிடம் பேசும் பேச்சா இது? மனசு கொதிக்கிறது.

தம்பி தங்கைகளே, பே ஸ்லிப் அனுப்புமுன் மாதத் தொகை, இ.பி.எஃப்., ஓவர்டைம் மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.