சிறகுள்ள குதிரை

என் தங்கை மகன் சிலை செய்து பிழைக்கிறான் என்று ஊரில் சொல்ல எனக்கு நெடுநாள் கூச்சம் இருந்தது. தொலைக்காட்சித் தொடர்களில் மக்கள் மனம் பறிகொடுத்த பாத்திரங்களை ஒரு முழ உயரத்தில் கணினியில் வடித்து, ரெசினில் வார்த்து, ஆசையோடு சேகரிப்போருக்கு விற்கும் நிறுவனம் ஒன்றில் அவன் வடிவமைப்பாளன். உயிருள்ளவற்றின் உருவம் சமைப்பது குறித்து ஆலிம்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அதற்குத் தீர்ப்புரைக்கும் தகுதி எனக்கில்லை. இங்கே அது நோக்கமும் அன்று. சென்ற பெருநாளுக்கு வந்தபோது அவன் கேட்ட கேள்விதான் என்னை எழுத வைத்தது.

"மாமா, உடை, உயரம், மூக்கின் நீளம் எல்லாம் அளந்து வைத்தோம். ஆனாலும் பார்த்தவர்கள் 'இது அவள் இல்லை' என்கிறார்களே, ஏன்?"

தன் சிலையைக் காட்ட அவனுக்கு மனம் வரவில்லை. வேறொரு பெரிய சிலையின் கதையைச் சொன்னான்.

1951 முதல் 1957 வரை அமெரிக்காவில் ஓடிய 'ஐ லவ் லூசி' தொடரில் லூசியாக நடித்தவர் லூசில் பால். 1952 மே மாதம் ஒளிபரப்பான ஒரு பகுதியில், சத்து மருந்து ஒன்றின் விளம்பரத்தில் பேச வருகிறாள் லூசி. அதில் நூற்றுக்கு 23 பங்கு மது என்பது அவளுக்குத் தெரியாது. ஒத்திகைக்கு ஒத்திகை ஒரு கரண்டி விழுங்குகிறாள். முதல் கரண்டியில் முகம் கோணுகிறது. உடனே புன்னகையை இழுத்து ஒட்டிக்கொள்கிறாள். போகப் போக நாக்குக் குழறுகிறது. மது என்றதும் முகம் சுளித்த நானும் சிரித்துவிட்டேன், மறைப்பானேன்?

லூசில் பால் சிறுமியாக வளர்ந்த செலரான் என்னும் சிற்றூரில், 2009இல் இக்காட்சியையே வெண்கலத்தில் நிறுத்தினார்கள். கையில் புட்டி உண்டு, கரண்டி உண்டு. முகமோ பல் தெரிய வாய் பிளந்து, விழி வெறித்து நின்றது. 'பயங்கர லூசி' என்று பெயர் விழுந்தது. எதிர்ப்பு வலுக்கவே, 2015இல் சிற்பி பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். லூசில் பாலின் 105ஆம் பிறந்த நாளான 2016 ஆகஸ்ட் 6 அன்று, கரோலின் பால்மர் வடித்த புதிய சிலை திறக்கப்பட்டது. பழையதை உருக்கிவிடாமல் அதே பூங்காவில் வைத்திருக்கிறார்கள்.

அச்சிற்பி காட்சியைக் காணாமல் செய்தவர் என்று எனக்குத் தோன்றவில்லை. திரையில் அந்தக் கோணல் கண்ணிமைக்கும் நேரமே வாழ்ந்தது. அதற்கு முன்னே ஓர் ஆசை, பின்னே ஒரு சமாளிப்பு. வெண்கலத்துக்கோ முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மருமகனின் கூடத்திலும் படத்தை ஓரிடத்தில் நிறுத்தி, உறைந்த அந்த முகத்தைத்தான் அளக்கிறார்களாம். அது மெய்யாகவே அவளுடைய முகந்தான். ஆனால் ஓடும் படத்தில் அந்த முகத்தை யாரும் தனியே கண்டதில்லை!

அப்போது எனக்கு நினைவு வந்தது அபூதாவூதில் பதிவான ஒரு நிகழ்ச்சி. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளை மறைத்திருந்த திரையைக் காற்று விலக்கிற்று. அவற்றினிடையே துணிச்சிறகு கட்டிய குதிரை ஒன்றைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், குதிரைக்குச் சிறகா என்று வினவினார்கள். சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகிருந்ததைத் தாங்கள் கேட்டதில்லையா என்றார்கள் அன்னையவர்கள். நாயகம் (ஸல்) கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

லாயத்துக் குதிரையோடு ஒப்பிட்டால் அப்பொம்மை பிழை. கேட்ட கதையோடு ஒப்பிட்டால் பிழையே இல்லை. இதைச் சொன்னபோது மருமகன் வெகுநேரம் பேசவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கைபேசியில் இரு படங்கள் அனுப்பினான். ஒரே பாத்திரம், ஒன்று வாய்விட்டுச் சிரிக்கிறது, மற்றது உதட்டை மூடி ஓரக்கண்ணால் பார்க்கிறது. வீட்டுக்குள் ஒரு பொம்மையையும் சேர்க்காத என் தங்கை எட்டிப் பார்த்தாள். அவள் அந்தத் தொடரைக் கண்டதேயில்லை. இரண்டாவதைத் தொட்டுச் சொன்னாள்:

"இவள் ஏதோ தில்லுமுல்லு செய்யப் போகிறாள், காக்கா!"