இரட்டைச் சடை

விடியற்காலை நாலரைக்கு எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரியும். அந்த நேரத்துக்கு எனக்கும் தூக்கம் கலைந்துவிடும். மொட்டைமாடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் ஜன்னல் நேர் எதிரே. பார்க்கக் கூடாது என்று முதலில் சில நாள் திரும்பி உட்கார்ந்தேன். அப்புறம் மனசு கேட்கவில்லை.

உள்ளே பாயில் பிள்ளை சுருண்டு படுத்திருக்கும். சுவரில் சாய்ந்து சம்மணம் போட்டு, மடியில் தலையணை, தலையணை மேல் பழைய கணக்கு நோட்டு என்று அதன் அப்பன் எழுதிக்கொண்டிருப்பான். எழுதுவது கொஞ்சம், அடிப்பது அதிகம். ஐந்தரைக்குத் தெருமுனையில் தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஹாரன் அடிக்கும். பெண்கள் தூக்குச்சட்டியோடு ஓடுவார்கள். அதுதான் அவனுக்கு மணி. நோட்டை மூடி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைப்பான்.

கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாகு காய்ச்சுகிறவன் அவன். 2020-ல் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே பூரித்துப்போனது. கரிசல் நிலக்கடலையும் தேனிப் பக்கத்து வெல்லமும் தாமிரபரணித் தண்ணீரும் கூடிய ருசி என்று சொல்வார்கள். பாகின் பதம் பார்க்கும் கைகளைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஒரு நாள் எனக்கு ஒரு பாக்கெட் நீட்டினான். அப்போதுதான் பார்த்தேன், வலது கைப் பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பாகு சுட்ட தழும்பு, தோல் பளபளவென்று இருந்தது. பேனாவைப் பிடிப்பதும் அந்த இரண்டு விரல்கள்தான். சீப்பைப் பிடிப்பதும் அவைதான்.

அவன் மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. பிள்ளையைத் ‘தாயில்லாப் பிள்ளை’ என்று தெரு சொல்லும். அவனைச் சொல்ல அதனிடம் ஒரு வார்த்தை இல்லை. மனைவியை இழந்தவனின் நிலையைத் தபுதார நிலை என்று தொல்காப்பியம் சொல்கிறது. அந்தச் சொல் ஏட்டிலேயே தங்கிவிட்டது. தெருவுக்குத் தெரிந்ததெல்லாம், “ஆம்பள ஒத்தையில பொம்பளப் பிள்ளைய எப்பிடி வளப்பான்?” என்பதுதான். குழாயில் தண்ணீர் வரும் நாளில் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது ஒரு பெரியம்மா அவனிடமே கேட்டுவிட்டாள். “இன்னொருத்தியக் கட்டிக்கிட வேண்டியதுதானய்யா, எத்தன நாளைக்கு இப்பிடி?”

“பாத்துக்கிடலாம் பெரியம்மா” என்று குடத்தைத் தூக்கித் தோளில் வைத்தான். அதற்கு மேல் பேச்சில்லை.

பள்ளிக்கூடத்துக்கு இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்ட வேண்டும். முதல் இரண்டு மாதம் அவனுக்கு அது வரவில்லை. ஒன்று காதுக்கு மேலே ஏறி நிற்கும், ஒன்று பிடரியில் கிடக்கும். சாயங்காலம் பிள்ளை வரும்போது ஒரு ரிப்பன் கையில் இருக்கும். ஒரு நாள் ராத்திரி ஜன்னல் கம்பியில் மூன்று சணல் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டு அவன் பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பின்னினான், அவிழ்த்தான், மறுபடி பின்னினான். பதினோரு மணிக்கு விளக்கணைந்தது. கயிறு ஒரு வாரம் அந்தக் கம்பியிலேயே தொங்கியது. அப்புறம் பிள்ளையின் வகிடு நூல் பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

அவன் எழுதுவது நாவல் என்று பிள்ளை சொல்லித்தான் தெரியும். தெருவில் தட்டாங்கல் ஆடும்போது கூட்டாளிப் பிள்ளையிடம் சொன்னது: “எங்கப்பா கதை எழுதுறாரு. பெரிய கதை. இன்னும் முடியல.”

இந்த ஊருக்கு எழுத்துப் பைத்தியம் புதிதில்லை. பக்கத்து இடைசெவலிலிருந்துதான் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் வந்தார்கள். பூமணி கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். சோ. தர்மன் பஞ்சாலையில் உழைத்தவர். உதயசங்கர் ரயில்வேயில் வேலை பார்த்தவர், தேவதச்சனுக்கு நகைக்கடை. வயிற்றுக்கு ஒரு வேலை, எழுத்துக்கு மிச்ச நேரம் என்பது கரிசலில் பழகிய வழிதான். ஆனால் எழுதுகிறவன் வீட்டில் உலை வைக்கவும் பிள்ளைக்குத் தலைவாரவும் ஒருத்தி இருப்பாள் என்று நாமாகவே நினைத்துக்கொள்கிறோம். அந்த ஒருத்தி இல்லாத வீட்டில் நாவல் எப்படி வளரும் என்பதை இந்த ஜன்னலில்தான் பார்க்கிறேன்.

அரிசிப் பானைக்குப் பின்னால் நோட்டோடு ஒரு புத்தகமும் இருக்கும். அட்டை கிழிந்த ‘வெக்கை’. பூமணி 1982-ல் எழுதியது. 2019-ல் ‘அசுரன்’ படமாக வந்தது இந்தக் கதைதான். படத்தில் அரிவாள் நினைவில் நிற்கும். எனக்கு நாவலில் நிற்பது வேறு. கொலை செய்துவிட்டு வந்த 15 வயது மகனைக் கூட்டிக்கொண்டு காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் அந்தத் தகப்பன், மகன் பசியறிந்து தாயாகவும் ஆகிறான். எதிர்வீட்டுக்காரன் அந்தப் புத்தகத்தை எத்தனை தடவை எடுத்திருப்பான் என்று எண்ணிவைக்கவில்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட பதினோரு நாளும் விளக்கு ராத்திரி முழுக்க எரிந்தது. நோட்டு வெளியே வரவில்லை. நெற்றியில் ஈரத்துணியைப் போடுவதும் எடுப்பதுமாக அவன் நிழல் சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டாம் நாள் நோட்டை எடுத்தவன், எழுதாமல் பழைய பக்கங்களையே வெகுநேரம் புரட்டினான். விட்ட இடம் பிடிபடவில்லை போலிருந்தது. வேன் ஹாரன் அடித்துவிட்டது.

ஆடிக் காற்றில் ஒரு தாள் பறந்து என் மாடிக்கு வந்தது. மடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். கண் படித்துவிட்டது. மழை ஓய்ந்த பிறகு கரிசலின் அடியீரத்திலும் மேலே இறங்கும் பனியிலும் மல்லி பூக்கிறது. அதை ஒருவன் வரப்பில் நின்று பார்க்கிறான். அந்த ஒரே வரியை ஐந்து தடவை எழுதி நாலு தடவை அடித்திருந்தான். ஓரத்தில் வேறு மையில்: ‘ரிப்பன் 2, உளுந்து அரைக் கிலோ, பாப்பா காய்ச்சல் மருந்து, ஜியாமெட்ரி பாக்ஸ்.’ மருந்து மட்டும் அடித்திருந்தது, வாங்கிவிட்டான் என்று அர்த்தம். தாளைக் கொண்டுபோய் அவர்கள் வாசல்படியில் கல்லுக்கடியில் வைத்துவிட்டு வந்தேன்.

நேற்றுக் காலை இருவரும் வாசல்படியில் இருந்தார்கள். பிள்ளை கீழ்ப்படியில், அவன் மேல்படியில். நோட்டு அவள் மடியில். எழுத்துக் கூட்டி உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு சடை முடிந்து மடித்துக் கட்டியாகிவிட்டது. மற்றதை மூன்று காலாகப் பிரித்துப் பாதி பின்னியிருந்தான்.

“ஆடாம இரு தாயி.”

அவள் வாசிப்பதை நிறுத்தினாள். “ஏம்ப்பா, இந்தக் கதையில வர்ற பிள்ளைக்கு யாருப்பா சடை போடுவா?”

அவன் கை நின்றது. தெருமுனையில் ஸ்கூல் ஆட்டோ சத்தம் கேட்டது. அவன் சீப்பைப் பிள்ளையின் தலையிலேயே செருகிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அவள் தோளுக்கு மேலாக நோட்டுக்குக் குனிந்தான். பிள்ளை திரும்பவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய், பாதிச் சடை அவிழ்ந்துவிடாமல் மூன்று காலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.